கேள்வி – பதில்: கிளிமஞ்சாரோவின் குளம் எங்கே இருக்கிறது?

எரிமலைகளைப் பற்றி எழுதிக் கேட்ட வாசகர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே மலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் தன்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவுக்கு. கடைசிக் கேள்வி மட்டும் திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறது.

கிளிமஞ்சாரோவில் உள்ள 'கிளி'யும் கிளிநொச்சியில் உள்ள 'கிளி'யும் ஒன்றா? வகுப்பில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— தரம் 8 மாணவர்கள், கிளிநொச்சி

'ஒன்றுதான்' என்றவர் காசை எடுத்து வைக்கலாம். எங்கள் ஊரில் இருப்பது கிளியும் நொச்சியும். அங்கே இருப்பது சுவாகிலி மொழிச் சொல். அந்த மொழியில் 'ம்லிமா' என்றால் மலை, 'கிலிமா' என்றால் சின்ன மலை, அதாவது குன்று. ஆபிரிக்காவின் மிக உயர்ந்த மலைக்குக் குன்று என்று பெயர் வந்திருப்பது வேடிக்கைதான். 'ஞ்சாரோ' என்பதற்கு வெண்மை என்பாரும் உண்டு, வணிகக் கூட்டம் என்பாரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பாடப்புத்தகப் படத்தில் ஒரே மலை. இன்னொரு புத்தகத்தில் மூன்று எரிமலைகள் என்று இருக்கிறது. எது சரி? அது மறுபடியும் வெடிக்குமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

மூன்றுதான் சரி. மேற்கே ஷிரா, நடுவே கிபோ, கிழக்கே மாவென்சி. மூத்தது ஷிரா. அது வேலையைத் தொடங்கி ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பிறகு உள்ளே இடிந்து, தேய்ந்து, இன்று 4000 மீற்றரை ஒட்டிய விளிம்போடு ஒரு மேட்டுநிலமாகக் கிடக்கிறது. அதன் மேல் நடப்பவருக்கு எரிமலையில் நிற்கிறோம் என்ற எண்ணமே வராது. மாவென்சி 5149 மீற்றர். அதன் மென்மையான சாம்பல் படைகளை மழையும் உறைபனியும் அரித்துவிட்டன. பிளவுகளில் புகுந்து இறுகிய கடும்பாறைச் சுவர்கள் மட்டும் எஞ்சியதால் பல் போன சீப்பைப் போல நிற்கிறது. கடைசியாக வளர்ந்தது கிபோ. உருண்டைத் தலையோடு படங்களில் நாம் பார்ப்பது அதைத்தான். அதன் எரிமலைவாயின் தென்விளிம்பில் இருக்கும் உகுரு முனைதான் 5895 மீற்றர். கிபோவுக்கும் மாவென்சிக்கும் நடுவே 4400 மீற்றர் அளவில் குதிரைச் சேணம் போல ஒரு வறண்ட வெளி கிடக்கிறது.

எரிமலை அங்கே வந்த காரணம், கிழக்கு ஆபிரிக்காவில் புவியின் மேல் ஓடு இரண்டாக இழுபடுவது. பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு என்று நீங்கள் படிப்பது அதைத்தான். ஓடு மெலியும் இடத்தில் கீழே அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால், வெப்பநிலை கூடாமலே பாறை உருகத் தொடங்கும். யப்பானிலும் இந்தோனேசியாவிலும் உள்ளவை வேறு வகை. அங்கே புவி ஓட்டின் ஒரு தகடு இன்னொன்றின் கீழ் புகுந்து எரிமலைகளை உண்டாக்குகிறது. பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்பவர்கள் நிறையப் பேர்.

ஷிராவும் மாவென்சியும் அணைந்தவை. கிபோ உறங்குகிறது. பெரிய வெடிப்பு நடந்து ஒன்றரை இலட்சம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் வாய்க்குள் கந்தக வாடையோடு ஆவி இன்றும் கசிகிறது. உயிருள்ள எரிமலை வேண்டுமென்றால் மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தள்ளி ஒல் டொய்ன்யோ லெங்காய் இருக்கிறது. 2007, 2008 இல் அது பலமாகக் கக்கியது.

உயர்தரப் புவியியல் செய்முறைக்குக் கிளிமஞ்சாரோவின் குறுக்குவெட்டுமுகம் கீறினேன். மலை ஊசி போல வந்துவிட்டது. எங்கே பிழை?
— மாணவி, வட்டக்கச்சி

தங்கச்சி, பிழை இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று அளவுத்திட்டம், மற்றது உச்சி.

முதலில் அளவுத்திட்டம். தெற்கு அடிவார நகரமான மோஷி 800 மீற்றரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே. உயர வித்தியாசம் ஏறத்தாழ 5000 மீற்றர். கிடையாக 1 செ.மீ.க்கு 2 கி.மீ. என்று எடுத்தால் அடிக்கோடு 15 செ.மீ. வரும். நிலைக்குத்தாக 1 செ.மீ.க்கு 500 மீற்றர் எடுத்தால் மலை 10 செ.மீ. உயரும். இப்போது நிலைக்குத்து மிகைப்படுத்தல் 2000 ஐ 500 ஆல் வகுக்க வருவது, அதாவது 4 மடங்கு. இரண்டையும் மீற்றருக்கு மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். 2 ஐயும் 500 ஐயும் அப்படியே வகுத்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

இந்த 4 மடங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். உண்மையில் மோஷியில் இருந்து உச்சிக்குச் சராசரிச் சாய்வு 9 பாகைக்குச் சற்றுக் கூட. தாளில் அது 34 பாகையாகத் தெரியும். மிகைப்படுத்தாமல் கீறினால் மலை இரண்டரை செ.மீ. உயரம்தான் வரும், கவிழ்த்து வைத்த தட்டைச் சுளகு போல இருக்கும். அதுதான் கிளிமஞ்சாரோவின் உண்மையான உடம்பு. நீங்கள் 1 செ.மீ.க்கு 200 மீற்றர் எடுத்திருப்பீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் மிகைப்படுத்தல் 10 மடங்கு. ஊசி வராமல் என்ன வரும்?

கீறும் முறை: வெட்டுக்கோட்டின் மேல் ஒரு தாள் கீலத்தின் விளிம்பை வையுங்கள். கீலம் அசையாமல் பிடித்து, சமவுயரக்கோடு ஒவ்வொன்றும் விளிம்பைத் தொடும் இடத்தில் சிறு கோடு போட்டு உயரத்தை உடனேயே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், கோடுகள் நெருங்கும் மேற்சரிவில் ஒன்று தவறி, அதற்கு மேலுள்ள அத்தனையும் ஒரு படி பிழைக்கும். ஓடையைக் கடக்கும் இடங்களையும் குறியுங்கள். கீலத்தை அடிக்கோட்டில் வைத்துப் புள்ளிகளை மேலே ஏற்றி, அடிமட்டத்தால் அல்லாமல் கையால் வளைவாக இணையுங்கள். கீழே கோடுகள் அகன்றும் மேலே நெருங்கியும் இருந்தால் வருவது குழிவுச் சாய்வு. இந்த மலையின் தெற்குச் சரிவு அப்படித்தான்.

அடுத்தது உச்சி. கிபோவின் வாய் ஏறத்தாழ 2.4 கி.மீ. அகலம். உங்கள் தாளில் அது 1.2 செ.மீ. ஆகவே உச்சி ஒரு புள்ளியில் முடியக் கூடாது. இரண்டு விளிம்பும் நடுவே பள்ளமும் தெரிய வேண்டும். வரைபடத்தில் உட்பக்கம் சிறு பற்கள் போட்ட சமவுயரக்கோடு இருந்தால் அது பள்ளம். அதை மேடாக எண்ணி மேலே ஏற்றியதால்தான் உங்களுக்குக் கூர் வந்திருக்கும். நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்கத் தேவையில்லை. 500 இல் தொடங்கினால் தாள் மிச்சம், ஆனால் அச்சில் அந்த 500 ஐ எழுத மறக்க வேண்டாம்.

5895 மீற்றர் என்கிறார்கள், 5892 என்கிறார்கள். எதை எழுத?
— வாசகர், முள்ளியவளை

பரீட்சையில் 5895 எழுதுங்கள். அது 1952 இல் பிரித்தானிய நில அளவையாளர் பெற்ற எண். 1999 இலும் 2008 இலும் செய்மதி கொண்டு அளந்தபோது 5892 ஐ ஒட்டி வந்தது. மலை தேயவில்லை. எங்கிருந்து அளப்பது என்பதுதான் மாறியது.

மலைக்கு அடியில் கடல் இல்லை. ஆகவே, கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியாலும் நீட்டினால் எங்கே நிற்கும் என்று கணித்து, அதில் இருந்துதான் உயரம் சொல்ல வேண்டும். செய்மதி அப்படி அளப்பதில்லை. பூமியை வழுவழுப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பில் இருந்து அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். அந்தத் திருத்தம் மேம்பட மேம்பட எண்ணும் சிறிது மாறும்.

இதை முல்லைத்தீவுக் கடற்கரையிலேயே பார்க்கலாம். இலங்கையைச் சுற்றியுள்ள கடல்மட்டம் அந்தக் கணித உருண்டையை விட ஏறத்தாழ 90 முதல் 100 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. ஆகவே திருத்தம் செய்யாத செய்மதி உயரத்தைக் காட்டும் கைபேசிச் செயலி, நீங்கள் அலையில் கால் நனைத்து நிற்கும்போது மறைப் பெறுமானம் காட்டும். கைபேசி பழுதென்று கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கிளிமஞ்சாரோவில் பனி கரைந்து முடியப்போகிறதாம். அதுக்குப் பிறகு அடிவாரத்துச் சனம் தண்ணிக்கு என்ன செய்யும்? எங்களுக்கு வவுனிக்குளம் இறங்கினால் சிறுபோகம் இல்லை.
— கமக்காரர், மல்லாவி

ஐயா, இந்தப் பக்கத்துக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி இது. பனி போவது உண்மை. 1912 இல் 12 சதுர கி.மீ. அளவு இருந்தது, 2011 இல் 2 சதுர கி.மீ.க்கும் குறைவு. ஆனால் அடிவாரத்துத் தண்ணீர் அந்தப் பனியில் இருந்து வருவதில்லை. இதைப் பெரிய பத்திரிகைகளே பிழையாக எழுதுகின்றன.

உங்களுக்குப் பழக்கமான ஏக்கர் அடியிலேயே (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயர நீர்) கணக்குப் பார்ப்போம். 2 சதுர கி.மீ. பனியில் ஆண்டுக்கு 1 மீற்றர் கனத்துக்கு நீர் கரைகிறது என்று தாராளமாகவே வைப்போம். அது 20 இலட்சம் கன மீற்றர், அதாவது 1600 ஏக்கர் அடி. 400 ஏக்கர் சிறுபோகத்துக்கே இழுபறி. அதுவும் முழுதாகக் கீழே வராது. உச்சியின் சராசரி வெப்பநிலை மறை 7 பாகை. அந்தக் குளிரில் பனியின் ஒரு பகுதி நீராகாமலே பதங்கமாகிக் காற்றோடு போய்விடும். பனிச்சுவர்கள் அங்கே செங்குத்தாக, பெரும்பாலும் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கின்றன. மத்திய கோட்டுக்கு அருகே சூரியன் அரை ஆண்டு வடக்குச் சுவரையும் அரை ஆண்டு தெற்குச் சுவரையும் மாறி மாறிச் சீவுகிறது.

இனிக் காட்டைப் பாருங்கள். 1800 மீற்றருக்கும் 2800 மீற்றருக்கும் இடையில் மலையைச் சுற்றி ஏறத்தாழ 1000 சதுர கி.மீ. காடு. தெற்குச் சரிவில் 2200 மீற்றரை ஒட்டி ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை. வடக்குப் பக்கம் குறைவு என்பதால் சராசரி ஒன்றரை மீற்றர் என்று எடுப்போம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலத்துக்குள் இறங்கினாலும் 15 கோடி கன மீற்றர். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தில் கொள்ளும் நீரை ஒட்டிய அளவு அது. பனியின் 75 மடங்கு.

அந்த நீரைத் தேக்க அங்கே அலைகரையும் இல்லை, துருசும் இல்லை. குளம் பாறைக்குள்ளேயே இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் வெடிப்பும் துளையும் நிறைய. நீர் அதற்குள் இறங்கி, இறுக்கமான ஒரு படையைச் சந்திக்கும் இடத்தில் பக்கவாட்டாக நகர்ந்து அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. வடக்கே கென்யாவின் அம்போசெலியில் மழை சொற்பம். ஆனாலும் யானைகள் இறங்கிக் குளிக்கும் சதுப்பு நிலங்கள் பச்சையாகவே கிடக்கின்றன. அது மலைக்கு அடியால் வந்த தண்ணீர். தெற்குப் பக்க ஓடைகள் சேர்ந்து பங்கானி ஆறாகி இந்து சமுத்திரத்துக்குப் போகின்றன.

தெற்குச் சரிவில் வாழும் சாகா மக்கள் காட்டு விளிம்பில் ஓடையை மறித்து, மண்வாய்க்காலைச் சரிவின் குறுக்கே மெல்லிய இறக்கத்தோடு மைல் கணக்கில் இழுத்து வருவார்கள். முறைத் தண்ணீர்தான் அங்கேயும். வாய்க்காலில் பங்குள்ளவர்கள் வெட்டித் துப்புரவாக்க வர வேண்டும். தோட்டத்தில் மேலே பெருமரம், அதன் கீழ் வாழை, வாழையின் கீழ் கோப்பி, நிலத்தில் கிழங்கும் அவரையும். மாடு கட்டில் நிற்கும். புல் அறுத்துப் போட்டு எருவைத் தோட்டத்துக்கு எடுப்பார்கள். பூச்சு இல்லாத மண்வாய்க்கால் என்பதால் கசிவு அதிகம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சண்டை உங்களுக்குப் புதிதாக இராது.

ஆகவே அவர்கள் பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, நெருப்புக்கு. காட்டின் மேல்விளிம்பில் உள்ள எரிகா மரங்களில் தாடி போலப் பாசி தொங்கும். அவை முகிலில் இருந்து நீரைப் பிடித்துச் சொட்டவிடும், மழைமானியில் விழாத தண்ணீர் அது. தீ ஏறி அந்த மரங்கள் எரிந்து பற்றையானால் அந்தத் தண்ணீர் இல்லை.

லண்டனில இருக்கிற மகன் ஆவணியில கிளிமஞ்சாரோ ஏறப் போறானாம், அஞ்சு நாளில திரும்பலாமாம். கயிறு கட்டி ஏறுற மலையோ? நான் பயப்பிடவேணுமோ?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, கயிறு தேவையில்லை. வழக்கமான பாதைகள் எல்லாம் நடைபாதைதான். ஆவணி மழை குறைந்த காலம், அதுவும் நல்லது. பயப்பட வேண்டியது அந்த 'அஞ்சு நாள்' என்ற சொல்லுக்குத்தான்.

உச்சியில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஒட்சிசனும் பாதி. உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். 3000 மீற்றருக்கு மேல், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தை விட 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மரங்கு பாதையில் தங்கும் குடில்களைப் பாருங்கள்: மண்டாரா 2720 மீற்றர், ஹொரொம்போ 3720, கிபோ 4720. ஒவ்வொரு நாளும் 1000 மீற்றர், விதியின் இரட்டிப்பு. ஐந்து நாள் பயணத்தில் மூன்றாம் இரவே, நடுநிசியில் எழும்பி இன்னும் ஏறத்தாழ 1200 மீற்றர் உச்சிக்கு ஏற வேண்டும். திரும்பி வருபவர்களில் பலர் கால் தளர்ந்து திரும்புவதில்லை, தலையிடியும் சத்தியும் தாங்காமல் திரும்புகிறார்கள்.

மகனிடம் சொல்ல வேண்டியவை: ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாக நின்று ஆறு நாளாக்கட்டும். ஏழு, எட்டு நாள் எடுக்கும் மச்சாமே அல்லது லெமோஷோ பாதை இன்னும் நல்லது. பகலில் உயர ஏறி இரவில் கீழே வந்து படுப்பது உடம்பைப் பழக்கும். நாளுக்கு 3 லீற்றர் அளவில் நீராகாரம் வேண்டும். அசெற்றசோலமைட் என்ற மாத்திரை உதவும், ஆனால் வைத்தியரைக் கேட்டுப் புறப்படுமுன்பே தொடங்க வேண்டும். தலையிடி இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே நிற்கட்டும். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமினாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆளைக் கொல்வது. நெஞ்சுரம், வயது, உடற்பயிற்சி ஒன்றும் இந்த நோய்க்குக் காப்பு இல்லை. இளந்தாரிகள் வேகமாக ஏறி முதலில் விழுவார்கள்.

இன்னொரு சங்கதி, உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கிபோ குடிலில் தண்ணீர் 84 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அரிசி நடுவில் கல்லாக நிற்கும், பருப்பு அவியவே அவியாது. மூடி இறுகிய அழுத்தச் சட்டி இல்லாமல் அங்கே சோறும் பருப்பும் இல்லை. ஆகவே மகன் 'சாப்பாடு சரியில்லை' என்றால் சமையற்காரனைக் குறை சொல்ல வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்று பழைய எரிமலையின் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். வன்னியிலும் எரிமலை இருந்ததா?
— வாசகர், நெடுங்கேணி

கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் எரிமலைக்கும் தொடர்பு இல்லை. பெரும்பாலான இடங்களில் நிலத்துக்குள் ஒரு கி.மீ. இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும். மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறி, ஆறுவதற்குள் இன்னொரு வெடிப்பால் விரைந்து மேலே வந்தால் வெந்நீரூற்று. கன்னியாவில் நீர் 40 பாகையை ஒட்டியதுதான். அந்தச் சூட்டுக்குப் பாறைக்குழம்பு எதற்கு? ஏழு கிணற்றுக்கும் சூடு சற்று வேறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொன்றிலும் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் வெவ்வேறு அளவில் கலப்பது.

எங்கள் காலடிப் பாறை எரிமலைக்கு நேர்மாறானது. இலங்கையின் பாறைகளைப் பிரிக்கும் புவிச்சரிதவியலாளர் ஒரு பிரிவுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேம்பிரியன் காலத்துக்கு (ஏறத்தாழ 54 கோடி ஆண்டுக்கு) முற்பட்ட, மிக ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறிய பாறை அது. குளக்கட்டுக்கு உடைத்துப் போட்ட கருங்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் வரி வரியாக ஓடும், துளை ஒன்றும் இருக்காது. கிளிமஞ்சாரோக் கல்லில் வரி இருக்காது. பலவற்றில் வாயு குமிழ்த்துப் போன துளைகள் இருக்கும்.